தட்டைப் பாதத்திற்கு அளவெடுத்துச் செய்யும் இன்சோல்: யாருக்குத் தேவை, யாருக்கு வேண்டியதில்லை

திருப்பூரில் பனியன் கம்பெனியின் செக்கிங் மேசை முன் ஷிப்ட் முழுக்க நிற்கும் பெண்ணுக்கும், கோவை ஃபவுண்டரியில் பாதுகாப்பு ஷூவோடு 8 மணி நேரம் உழைப்பவருக்கும், பெருந்துறைப் பள்ளியொன்றில் நின்றபடியே பாடம் நடத்தும் ஆசிரியைக்கும் மாலையானால் உள்ளங்காலும் கணுக்காலின் உட்புறமும் கடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூவருக்கும் பாதம் தட்டை. மூவருக்கும் இன்று கிடைக்கும் ஆலோசனையும் பெரும்பாலும் ஒன்றே: அளவெடுத்து இன்சோல் செய்து ஷூவுக்குள் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் முதலாமவர் செருப்பைக் கம்பெனி வாசலிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு வேலை செய்கிறவர். மூன்றாமவர் புடவைக்குப் பொருத்தமான மெல்லிய செருப்பு அணிகிறவர். நாளெல்லாம் ஷூவுக்குள் கால் வைத்திருப்பவர் நடுவில் உள்ள ஒருவர் மட்டுமே. கால் ஷூவுக்குள் இருக்கும் நேரத்தில் மட்டுமே இன்சோல் வேலை செய்யும். அளவெடுத்த இன்சோல், கடை இன்சோல், செருப்பு, பயிற்சி, ஒன்றும் செய்யாமல் விடுவது ஆகியவற்றில் யாருக்கு எது என்ற ஒப்பீட்டை, கொங்கு நாட்டில் வாழும் நாம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். குளிர் நாடுகளில் காலை முதல் இரவு வரை ஷூ அணிபவர்களுக்காக எழுதப்பட்ட அறிவுரை நம் வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வருவதில்லை.

எதை வாங்குவது என்று முடிவு செய்வதற்கு முன், வாங்கத்தான் வேண்டுமா என்பதைப் பார்த்துவிடலாம். தட்டைப் பாதம் பெரும்பாலோருக்கு நோய் அல்ல. உயரமும் நிறமும் போல உடலின் ஓர் இயல்பு. காவி பூசிய சிமென்ட் தரையில் ஈரக்காலை ஊன்றி எடுத்தால், வளைவுள்ள பாதம் உட்புறத்தில் ஒரு பெரிய வெற்றிடத்தை விட்டு, குதிகாலையும் முன்பாதத்தையும் ஒரு குறுகிய பட்டையால் இணைத்துக் காட்டும். தட்டைப் பாதம் அந்த வெற்றிடமே இல்லாமல் முழுப் பாதத்தையும் பதிக்கும். இந்தச் சோதனையை யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்து பார்க்கலாம் என்றாலும், இதை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் பணம் செலவழிக்க முடிவெடுப்பதை நான் ஏற்கமாட்டேன். ஈரத்தடம் பாதத்தின் வடிவத்தைச் சொல்லுமே தவிர, அந்தப் பாதத்தின் நெகிழ்வையும் வலிமையையும் சொல்லாது. கடைகளில் பாதத்தைத் தகட்டின் மீது ஏற்றி, அழுத்தம் விழும் இடங்களைச் சிவப்பாகவும் மஞ்சளாகவும் திரையில் காட்டும் கருவியும் அடிப்படையில் அதே ஈரத்தடத்தின் வண்ணப் பதிப்புதான். நிற்கும்போது குதிகாலின் அடியிலும் முன்பாதத்தின் அடியிலும் சிவப்பு தெரிவது எல்லோருக்கும் இயல்பு என்பதை அங்கே நிற்கும் வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்பவர்கள் குறைவு.

நெகிழ்வைத் தெரிந்துகொள்ள வேறு சோதனை இருக்கிறது. சுவரைப் பார்த்து நின்று, கைகளைச் சுவரில் ஊன்றி, இரு குதிகால்களையும் உயர்த்தி விரல் நுனியில் நிற்க வேண்டும்; வீட்டில் ஒருவர் பின்னாலிருந்து கவனிக்க வேண்டும். குதிகால்கள் உட்பக்கம் திரும்பி, உள்ளங்காலில் வளைவு எழும்பி வந்தால் அது நெகிழ்வான தட்டைப் பாதம். உட்கார்ந்து காலைத் தொங்கவிடும்போது தெரியும் வளைவு, எழுந்து நின்றதும் மறைந்துவிடுவதும் இதே வகைதான். பெருவிரலைக் கையால் மேல்நோக்கி வளைக்கும்போது வளைவு எழுகிறதா என்றும் பார்க்கலாம். உள்ளங்காலின் அடிப்பட்டை பெருவிரலோடு இழுபட்டு முறுக்கேறுவதால் வளைவு எழும் இந்த இயக்கத்தை ஹிக்ஸ் என்பவர் 1954இல் விளக்கியிருக்கிறார். நெகிழ்வான தட்டைப் பாதம் வலியே தரவில்லை என்றால், அதற்கு இன்சோல் உட்பட எதுவும் வேண்டியதில்லை. ஒப்பீட்டில் ஒன்றும் செய்யாமல் விடுவதையும் ஒரு முழுமையான தேர்வாகவே வைக்க வேண்டும். வலியில்லாத பெரும்பாலோருக்கு அதுவே சரியான தேர்வு.

விரல் நுனியில் நின்றாலும் வளைவு எழாத, விறைத்த தட்டைப் பாதம் வேறு வகை. பாதத்தின் பின்பகுதி எலும்புகள் இரண்டு பிறவியிலேயே ஒன்றோடொன்று ஒட்டியிருப்பது இதற்கு ஒரு காரணம். அது சிறுவயதில் தெரியாமல் இருந்து, எலும்பு இறுகத் தொடங்கும் பள்ளிப் பருவத்திலும் பதின்ம வயதிலும் வலியாகவும் அடிக்கடி கணுக்கால் பிசகுவதாகவும் வெளிப்படும். இவர்கள் இன்சோல் கடைக்கு அல்ல, எலும்பு மருத்துவரிடம் செல்ல வேண்டும். படுத்த நிலையில் அல்லாமல், நின்ற நிலையில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது ஒரு வகையைப் பற்றி நான் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் அது 'வயசானா கால் கடுக்கத்தான் செய்யும்' என்ற ஒரே வார்த்தையில் தள்ளிவிடப்படுகிறது. நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கும் உடல் எடை கூடியவர்களுக்கும் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்களுக்கும், அதுவரை வளைவோடு இருந்த ஒரு பாதம் மெல்ல மெல்லத் தட்டையாவது உண்டு. கெண்டைக்காலின் ஆழத்தில் தொடங்கி, கணுக்காலின் உட்புறக் குமிழுக்குப் பின்னால் இறங்கி, வளைவைத் தூக்கிப் பிடிக்கும் தசைநாண் நைந்துபோவதே இதற்குக் காரணம். அந்தக் குமிழின் பின்புறம் வீங்கித் தொட்டால் வலிக்கும். பின்னாலிருந்து பார்த்தால் பாதம் வெளிப்பக்கம் திரும்பி, அந்தக் காலில் மட்டும் கூடுதலான விரல்கள் கண்ணில் படும். மற்றக் காலைத் தூக்கிக்கொண்டு அந்த ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தச் சொன்னால் முடியாது. இந்த நோயின் படிநிலைகளை ஜான்சன், ஸ்ட்ராம் என்ற இருவர் 1989இல் வகுத்தார்கள். முதற்படியில் பிடித்தால் இன்சோலும் பயிற்சியும் பெரும் பயன் தருகின்றன, கடைசிப் படியில் மூட்டுகள் விறைத்துப் போகின்றன. ஆகவே ஒரு கால் மட்டும் புதிதாகத் தட்டையாகிறது என்று தெரிந்தால், ஆன்லைனில் இன்சோல் தேடுவதற்கு முன் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

இனி இன்சோல் என்ன செய்கிறது என்பது. கோபியிலும் சத்தியமங்கலத்திலும் குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுப்பதைப் போன்றதுதான் அது. முட்டு மரத்தைத் தடிமனாக்காது. சுமை தாங்கும் காலத்தில் மரம் சாயாமல் காக்கும். அப்படியே இன்சோலும் குதிகால் உட்பக்கம் சாய்வதைக் குறைத்து, வளைவைத் தாங்கும் தசைநாணின் வேலையில் ஒரு பங்கைத் தான் ஏற்று, ஓரிடத்தில் குவியும் அழுத்தத்தைப் பரவலாக்கித் தருகிறது. கழற்றிவிட்டால் பாதம் பழையபடியே இருக்கும். ஆறு மாதம் போட்டால் வளைவு நிரந்தரமாக வந்துவிடும் என்று எவரேனும் உறுதி சொன்னால், அந்த இடத்தில் பணம் கொடுக்காமல் திரும்பிவிடுவது நல்லது.

அளவெடுத்துச் செய்வதில் அளவெடுக்கும் முறையே பாதி வேலை. மூன்று முறைகள் வழக்கத்தில் உள்ளன. ஒன்று, பாதத்தில் பிளாஸ்டர் துணி சுற்றி அச்செடுப்பது. இரண்டாவது, அழுத்தினால் நொறுங்கி அப்படியே நிற்கும் நுரைப்பெட்டியில் பாதத்தை அழுத்துவது. மூன்றாவது, ஸ்கேன் செய்வது. நுரைப்பெட்டி முறையை அருகிலிருந்து பார்த்தால் திறமையின் வேறுபாடு புரியும். விவரம் தெரிந்தவர் நம்மை நாற்காலியில் உட்காரவைத்து, கணுக்காலுக்குக் கீழுள்ள மூட்டை விரல்களால் தடவிப் பார்த்து, குதிகால் உள்ளேயும் சாயாமல் வெளியேயும் சாயாமல் நடுநிலையில் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, முழங்காலின் மீது கை வைத்து முதலில் குதிகாலையும், பிறகு பாதத்தின் வெளி விளிம்பையும், கடைசியாக விரல்களையும் நுரைக்குள் அமுக்குவார். அவசரக்காரர் 'ஏறி நில்லுங்க' என்று சொல்லிவிடுவார். ஏறி நின்றால் பாதம் தட்டையாகவே நுரையில் பதியும். தட்டையான அச்சிலிருந்து செய்த இன்சோல் தட்டையான பாதத்திற்கு மிகப் பொருத்தமாக இருக்கும், ஆனால் அதைத் தாங்காது. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியும் பலனில்லை என்று சொல்பவர்களில் ஒரு பகுதியினருக்கு, குறை இந்த முதற்கட்டத்திலேயே நேர்ந்திருக்கும் என்பது என் கணிப்பு.

அச்செடுத்த பிறகு, பாலிப்ரொப்பிலீன் தகட்டைச் சூடாக்கி வளைத்தோ, அடர்த்தியான ஈவிஏ நுரையைக் கடைந்தோ இன்சோல் உருவாகிறது. முன்னது மெல்லியது, விறைப்பானது, சில ஆண்டுகள் உழைக்கும். மேலே ஒட்டிய துணியையோ நுரையையோ மட்டும் இடையில் மாற்றிக்கொள்ளலாம். பின்னது சற்றுத் தடித்தது, காலுக்கு இதமானது, நாளெல்லாம் நிற்பவரின் எடையில் ஓராண்டு வாக்கில் அமுங்கிவிடக்கூடியது. அளவெடுத்துச் செய்வதன் உண்மையான மதிப்பு உருவப் பொருத்தத்தில் மட்டும் இல்லை. வலது காலுக்கு ஒரு விதமாகவும் இடது காலுக்கு வேறு விதமாகவும் செய்யலாம், குதிகாலின் உட்புறத்தில் ஆப்பு வைக்கலாம், குதிகால் கிண்ணத்தை ஆழமாக்கலாம், புடைத்த எலும்பு உரசும் இடத்தில் பள்ளம் விடலாம். இந்த மாற்றங்கள் எதுவும் தேவைப்படாத ஒருவருக்கு, அளவெடுத்துச் செய்த இன்சோல் கடை இன்சோலைவிடப் பெரிதாக எதையும் தந்துவிடாது.

ஆய்வுகளும் ஏறக்குறைய இதையேதான் சொல்கின்றன. ஆஸ்திரேலியாவில் குதிகால் அடிப்பட்டை வலி உள்ள 135 பேரிடம் நடத்தி 2006இல் வெளியான ஓர் ஆய்வில், அளவெடுத்துச் செய்தவை, கடையில் வாங்கியவை, தாங்கும் வலிமையே இல்லாத போலி இன்சோல்கள் ஆகிய மூன்றும் ஒப்பிடப்பட்டன. மூன்று மாதத்தில் முதலிரண்டும் போலியைவிடக் கால் இயக்கத்தைச் சற்றே மேம்படுத்தின. அந்த இரண்டுக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ஓராண்டு முடிவில் மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தார்கள். அது தட்டைப் பாதத்திற்கான ஆய்வு அல்ல என்பதால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. எனினும் விலை பல மடங்கு கூடினால் பலனும் பல மடங்கு கூடும் என்ற எண்ணத்தை அது நிச்சயமாக அசைக்கிறது.

அதனால், ஷூ அணியும் பெரியவர் ஒருவருக்கு வலியோடு கூடிய நெகிழ்வான தட்டைப் பாதம் இருந்தால், சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும் கடை இன்சோலை முதலில் ஐந்தாறு வாரங்கள் அணிந்து பார்க்கச் சொல்வதே நியாயம். ஆனால் கடையில் அந்தப் பெயரில் கிடைப்பவை எல்லாம் ஒன்றல்ல. ஜெல் நிரம்பிய, வழுவழுப்பான, தொட்டால் மெத்தென்று இருக்கும் சிலிக்கான் இன்சோல்தான் முதலில் கையை ஈர்க்கும். அது குதிகால் அதிர்ச்சியைத் தணிக்கும், வளைவைத் தாங்காது. கையில் எடுத்து வளைவுப் பகுதியைப் பெருவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். விரலுக்கே தட்டையாகிவிடுவது 60, 70 கிலோ எடைக்கு எப்படி நிற்கும்? குதிகால் அமரும் கிண்ணம் ஆழமாக இருக்க வேண்டும். வளைவின் உச்சி, குதிகாலுக்குச் சற்று முன்பாக, நம் பாதத்தின் உட்புறத்தில் துருத்தும் எலும்பின் கீழே வர வேண்டும். ஒரே ஷூ அளவுள்ள இருவரில் ஒருவருக்கு விரல்கள் நீளமாகவும் மற்றவருக்கு நடுப்பாதம் நீளமாகவும் இருக்கும் என்பதால், அளவு எண்ணை மட்டும் நம்பி ஆன்லைனில் வாங்கினால் உச்சி இடம் மாறி, வளைவில் கல் குத்துவது போன்ற வலி வரும். ஷூவோடு வந்த பழைய உள்ளட்டையை எடுத்துவிட்டுத்தான் புதியதை வைக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் குதிகால் மேலேறி, நடக்கும்போது ஷூவிலிருந்து கழன்று கழன்று வரும். பாதுகாப்பு ஷூவில் அது மேலும் ஆபத்து, விரல்கள் இரும்புத் தொப்பியில் இடிக்கும். உள்ளட்டையைக் கழற்ற முடியாத, பின்பகுதியை விரலால் அமுக்கினால் மடங்கிவிடும் ஷூவில் எந்த இன்சோலை வைத்தாலும் வீண். அந்த நிலையில் பணத்தை முதலில் ஷூவுக்குச் செலவிடுவதே பொருத்தம்.

கடை இன்சோல் பாதி வலியைக் குறைத்து அதற்கு மேல் நகரவில்லை என்றால், அது அளவெடுத்துச் செய்வதற்கு ஆதரவான சான்று. தாங்குதல் இந்தக் காலுக்கு உதவுகிறது என்று தெரிந்துவிட்டது, இனி அதைத் துல்லியமாக்கலாம். வலியைக் கூட்டியது என்றால், அதைவிட விறைப்பான ஒன்றுக்குப் பாய்ந்துவிடாமல் காரணம் தேட வேண்டும். கெண்டைக்கால் சதையும் குதிகால் நாணும் இறுகிப்போன தட்டைப் பாதத்தில், குதிகால் தரையில் படுவதற்கு நடுப்பாதம் வளைந்து கொடுத்தாக வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் விறைப்பான வளைவை வைத்து முட்டுக் கொடுத்தால், வளைந்து கொடுக்க வழியில்லாமல் வலி கூடும். இறுகிய நாணோடு கூடிய நெகிழ்வான தட்டைப் பாதமே வலிக்கும் வகை என்பதை, இரண்டாம் உலகப் போர்க்காலக் கனடாப் படைவீரர்களின் பாதங்களை ஆராய்ந்த ஹாரிஸும் பீத்தும் 1940களிலேயே எழுதிவிட்டார்கள். இவர்களுக்கு முதல் மருந்து நீட்சிப் பயிற்சிதான்.

செருப்பைப் பற்றிப் பேசாமல் இந்த ஒப்பீடு நம் ஊருக்குப் பயன்படாது. சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்கூடத்திலும், மில்லில் ஸ்பின்னிங் பிரிவிலும், தோட்டத்திலும், மளிகைக் கடையிலும் ஷூ அணிபவர்கள் எத்தனை பேர்? வீட்டுக்குள்ளோ எல்லோருமே வெறுங்கால். அடுப்படியில் நிற்கும் நேரத்தைக் கூட்டினால், பல பெண்களுக்கு அதுவே வேலைத்தலத்தில் நிற்கும் நேரத்திற்கு ஈடாக வரும். இவர்களுக்கு ஷூ இன்சோல் செய்துகொடுப்பது அலமாரிக்குச் செய்துகொடுப்பதற்குச் சமம். இவர்களுக்குப் பொருத்தமானது, குதிகாலைச் சுற்றிப் பின்வார் உள்ள, அடித்தட்டிலேயே வளைவும் குதிகால் கிண்ணமும் வார்க்கப்பட்ட சாண்டல். அல்லது இன்சோல் போன்ற தாங்கு சாதனங்களை அளவெடுத்துச் செய்யும் ஆர்த்தோடிஸ்ட் ஒருவரிடம் அளவு கொடுத்து, எம்சிஆர் என்னும் நுண்துளை ரப்பர் செருப்பிலேயே வளைவைப் பொருத்திச் செய்துகொள்வது. மருந்துக்கடையில் தொங்கும் எம்சிஆர் செருப்பு மென்மையானதுதான், ஆனால் அதில் பெரும்பாலும் வளைவு இருக்காது. மென்மையையும் தாங்குதலையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. விரலிடுக்கில் மட்டும் பிடிக்கும், பின்வாரில்லாத ரப்பர் செருப்பு கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் ஒவ்வோர் அடிக்கும் இறுகிப் பிடித்தாக வேண்டும். குதிகாலை அது கட்டுப்படுத்துவதே இல்லை.

வீட்டுக்குள் செருப்பா என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள் என்பதை அறிவேன். வெளியே ஒருபோதும் அணியாத, கழுவி வைத்த ஒரு ஜோடியை அடுப்படிக்கு மட்டும் என்று தனியே ஒதுக்கினால், பூஜையறைக்கு முன் கழற்றிவிட்டால், பெரும்பாலான வீடுகளில் பேச்சு அதோடு அடங்கிவிடும். பகலில் வலிக்கும் நேரம் வீட்டில்தான் கழிகிறது என்பவருக்கு, அந்த ஒரு ஜோடி எந்த விலையுயர்ந்த இன்சோலையும் விஞ்சும்.

பயிற்சி தனியான தேர்வா, இன்சோலுக்குத் துணையா என்றால், இரண்டும்தான். சுவரில் கையூன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, முழங்கால் மடங்காமல், குதிகால் தரையை விட்டு எழாமல் சாய்ந்து 30 வினாடி நிற்பதை ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை செய்யலாம். பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் நீட்சி நடுப்பாதத்திற்குப் போய்விடும் என்பதால், விரல்கள் நேராகச் சுவரைப் பார்க்க வேண்டும். விரல்களைச் சுருட்டாமல் உள்ளங்காலை மட்டும் சுருக்கி வளைவைத் தூக்கிப் பிடிப்பதும், இரு குதிகால்களுக்கு நடுவே ஒரு பந்தை அழுத்திப் பிடித்தபடி குதிகால்களை உயர்த்தி மெதுவாக இறக்குவதும் அடுத்தவை. நைந்துவரும் தசைநாண் நோயாளிகளிடம் நடத்தி 2009இல் வெளியான ஓர் ஆய்வில், இன்சோலும் நீட்சியும் பெற்ற அனைவரும் 12 வாரங்களில் முன்னேறினார்கள். அவற்றோடு தசையை நீட்டியபடியே சுமை தாங்கவைக்கும் பயிற்சியும் செய்தவர்களே அதிகம் முன்னேறினார்கள். தைப்பூசத்திற்குக் கோவையிலிருந்து பழனிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வெறுங்காலில் பாதயாத்திரை போகிறவர்களுக்கு எந்த இன்சோலும் துணை வர முடியாது. தட்டைப் பாதம் உள்ளவர் ஐப்பசியிலாவது இந்தப் பயிற்சிகளைத் தொடங்கி, நடையைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போவதுதான் ஒரே ஆயத்தம். பயிற்சியின் குறை வெளிப்படையானது: பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை பலர் தொடர்வதில்லை. நிற்கும் வேலையில் வலி கடுமையாக உள்ளவருக்கு, அந்த இடைக்காலத்தைக் கடக்கவாவது ஒரு முட்டு தேவைப்படும்.

குழந்தைகள் விஷயத்தில் என் கருத்து கண்டிப்பானது. நடக்கத் தொடங்கும் குழந்தை எல்லாவற்றுக்கும் உள்ளங்காலில் கொழுப்புத் திரண்டு பாதம் தட்டையாகவே தெரியும். முதல் பத்தாண்டுகளில் பெரும்பாலோருக்கு வளைவு தானே உருவாகும். அமெரிக்காவில் வெங்கர் குழுவினர் 129 குழந்தைகளைக் கொண்டு தொடங்கி, மூன்றாண்டுகள் நடத்தி 1989இல் வெளியிட்ட ஆய்வில், திருத்தக் காலணியும் இன்சோலும் அணிந்த குழந்தைகளின் பாதங்களும் எதுவும் அணியாத குழந்தைகளின் பாதங்களும் ஒரே அளவில்தான் முன்னேறின. நமக்கு அருகில் மங்களூரில் ராவ், ஜோசப் இருவரும் 4 முதல் 13 வயது வரையிலான 2300 குழந்தைகளின் பாதத் தடங்களை ஆராய்ந்து 1992இல் வெளியிட்டது அதைவிடச் சிந்திக்கவைக்கிறது: காலணி அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 சதவீதத்தினருக்கும், வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதத்தினருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. மூடிய ஷூ அணிந்தவர்களிடையே அதிகம், செருப்பு அணிந்தவர்களிடையே அதைவிடக் குறைவு. ஆகவே எல்கேஜி படிக்கும் பிள்ளைக்குப் பாதம் தட்டையாக இருக்கிறதே என்று கவலைப்பட்டு அளவெடுக்க அழைத்துப்போகும் பெற்றோர், அந்தப் பணத்தை மிச்சப்படுத்தி, பள்ளி விட்டு வந்ததும் ஷூவைக் கழற்றிவிட்டு மண்ணிலும் புல்லிலும் ஓடவிடலாம். பிள்ளைக்கு வலி இருந்தால், விளையாட மறுத்து உட்கார்ந்துவிட்டால், ஒரு கால் மட்டும் தட்டையாக இருந்தால், பாதம் விறைத்திருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்போதும் வளரும் காலுக்குக் கடை இன்சோலே முதலில் போதுமானது, அளவெடுத்தது ஓராண்டில் சிறியதாகிவிடும்.

ராணுவ ஆள்சேர்ப்புக்கு ஆயத்தமாகும் இளைஞர்கள் இன்சோலைத் தேடி அலைவதும் உண்டு. அந்தத் தேர்வில் வெறுங்காலைத்தான் பார்க்கிறார்கள். விரல் நுனியில் நிற்கும்போது வளைவு தோன்றி, நுனிக்காலில் நன்றாக ஓடவும் குதிக்கவும் முடிந்து, பாதம் நெகிழ்வாகவும் வலியின்றியும் இருந்தால் ஏற்கத்தக்கது என்பதே அங்குள்ள அளவுகோல். எனவே அவர்கள் செலவிட வேண்டியது பயிற்சிக்கு.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மேலே சொன்ன வரிசை பொருந்தாது. பாதத்தில் உணர்வு குறைந்தவருக்கு விறைப்பான கடை இன்சோல் உரசி உண்டாக்கும் கொப்புளம் வலிக்காது. வலிக்காத கொப்புளம் புண்ணாகி விரலையோ காலையோ பறித்துவிடலாம். இவர்களுக்குப் பல அடுக்கு மென்மையான பொருள்களால், அழுத்தத்தைப் பரப்புவதற்கென்றே அளவெடுத்துச் செய்வது ஆடம்பரம் அல்ல, தேவை. அதை அணிந்த பிறகும் தினமும் இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தோ, வீட்டில் ஒருவரைக் கொண்டோ பார்த்துவிட வேண்டும். உணர்வு குறைந்த பாதம் திடீரென்று வீங்கிச் சூடேறித் தட்டையானால் அது எலும்பு உள்ளுக்குள் நொறுங்கும் அறிகுறியாக இருக்கக்கூடும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், அந்தக் காலை ஊன்றக் கூடாது.

அறுவை சிகிச்சையை இந்த ஒப்பீட்டில் ஓரமாகவே வைக்கிறேன். ஒட்டிய எலும்புகளுக்கும், கைமீறிப்போன தசைநாண் நோய்க்கும், பல மாதம் முறையாகச் செய்த மற்றவை எல்லாம் தோற்ற பிறகும்தான் அது பேச்சுக்கு வர வேண்டும். குதிகால் எலும்பை வெட்டி நகர்த்திப் பொருத்தும் சிகிச்சையில் பழைய வேலைக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆகும். தினக்கூலிக்காரருக்கு அந்த மாதங்களின் கணக்கையும் சேர்த்தே மருத்துவர் பேச வேண்டும்.

எனவே முதலில் சொன்ன மூவரில், ஃபவுண்டரித் தொழிலாளிக்குக் கடை இன்சோலும் கெண்டைக்கால் பயிற்சியும் முதற்படி. அதில் பாதிப் பலன் கண்டால் அளவெடுத்துச் செய்வதில் போடும் பணம் வீணாகாது, ஏனென்றால் நாளில் 8 மணி நேரம் அது காலடியில் இருக்கும். செக்கிங் மேசைப் பெண்ணுக்கு வேலைத்தலத்திற்குள் அணிய அனுமதிக்கப்படும், கழுவி வைத்த, பின்வாருள்ள சாண்டலும், நிற்குமிடத்தில் ஒரு ரப்பர் விரிப்பும். அனுமதியைக் கேட்டு வாங்குவதில் சூப்பர்வைசர் காட்டும் அக்கறை எந்த இன்சோலையும்விடப் பெரியது. ஆசிரியைக்கு வயது ஐம்பதை நெருங்கி, ஒரு கால் மட்டும் வலித்தால், அவரே முதலில் மருத்துவரிடம் போக வேண்டியவர், அளவெடுத்த இன்சோல் உடனடியாகத் தேவைப்படக்கூடியவரும் அவரே.

செய்துகொள்வதென்று முடிவானால், அரசு மருத்துவமனையின் எலும்பு மருத்துவப் பிரிவிலோ, இஎஸ்ஐ அட்டை உள்ளவர்கள் சிங்காநல்லூர் இஎஸ்ஐ மருத்துவமனையிலோ முதலில் காலைக் காட்டிவிடுவது செலவில்லாத தொடக்கம். செய்து தருபவர், 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். போகும்போது வேலைக்கு அணியும் ஷூவையும், தேய்ந்த பழைய செருப்பையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதை அவர் புரட்டிப் பார்க்காமல் அளவெடுத்தால் அது ஒரு குறைதான். வந்த இன்சோலை முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று ஓரிரு வாரங்களில் கூட்டிக்கொண்டு போக வேண்டும். முதல் வாரத்தில் தொடையிலும் முழங்காலிலும் லேசான அசதி இருக்கலாம், தோல் சிவந்து அரை மணி நேரத்திற்கும் மேல் மறையாமல் இருந்தால் திருத்தம் தேவை. முதல் பொருத்தத்திலேயே எல்லாம் சரியாக அமைவது அரிது. ஓரிரு முறை தேய்த்தும் ஒட்டியும்தான் சரியாகும். அந்தத் திருத்தங்கள் விலைக்குள் அடக்கமா, எத்தனை மாதம் வரை செய்து தருவார்கள் என்பதை முன்பணம் கொடுக்கும்போதே ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.